அறுபத்தெட்டு மணிச் சரம்

எங்கள் பள்ளியில் இருபது ஆண்டுகளாகத் தந்தையர் தினத்துக்கு ஒரே கைவேலைதான். வெள்ளைக் காகிதத்தை மடித்துச் சட்டை செய்வது, நீலக் காகிதத்தில் டை வெட்டி அதன் கழுத்தில் ஒட்டுவது, உள்ளே ‘என் பாபாவுக்கு’ என்று எழுதுவது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்து அதைக் கொண்டுவந்தவன் நான்தான். லெபனானில் எங்கள் அல்-மீனா துறைமுகத்தில் மீன் பிடிப்பவர் உண்டு, டாக்ஸி ஓட்டுபவர் உண்டு, ரொட்டி சுடுபவரும் படகுக்கு வர்ணம் பூசுபவரும் உண்டு. டை கட்டுபவர் யார் என்பதைத் தலைமையாசிரியனாகிய நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் ஓய்வுபெற இருந்த ஆண்டின் ஜூன் முதல் வாரத்தில் மழலையர் வகுப்பு ஆசிரியை ஹியாம் என் அறைக்கு வந்தாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். கதவைத் தட்டும்போதே பாதி அறைக்குள் வந்துவிடுகிறவள்.

“உஸ்தாத், இந்த வருஷம் டை வேண்டாம்.”

“ஏன், கத்திரிக்கோல் இல்லையா?”

“கத்திரிக்கோல் இருக்கு. கழுத்துதான் இல்ல.” கையிலிருந்த பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைத்தாள். “இருபத்திரண்டு குழந்தைங்க. அதுல ஒம்போது பேருக்கு வீட்ல பாபா இல்ல. நாலு பேரோட பாபா குவைத்துலயும் ஆப்பிரிக்காவுல அபிஜானுலயும் வேலை பாக்கறாங்க. ரெண்டு பேர் கப்பல்ல. ஒருத்தர் செத்துட்டார், ஒருத்தர் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு பெய்ரூத் போயிட்டார். இன்னொருத்தர் எங்க இருக்கார்னே யாருக்கும் தெரியாது. போன வருஷம் இலியாஸ் என்ன பண்ணினான் தெரியுமா? அந்த டைய மென்னு தின்னுட்டான்.”

“பசியா இருந்திருக்கும்.”

“பசியில்ல உஸ்தாத். யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியல.”

எனக்குச் சிரிப்பு நின்றது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. “அதுக்காக விழாவையே நிறுத்திடலாம்கறியா?”

“நிறுத்தறதா? இன்னும் பெருசாப் பண்ணப்போறேன். நீங்கதானே போன மாசம் குழந்தைங்களுக்கு நண்டுக் கதை சொன்னீங்க?”

சொன்னேன். துறைமுகத்துப் பாறையில் ஒரு நண்டு தையற்கடை வைத்திருந்தது. கடற்கரைப் பிராணிகள் எல்லாம் பெருநாளுக்குக் காற்சட்டை தைக்க அதனிடம் வந்தன. நண்டு தன் கால்களைக் குனிந்து பார்த்து எண்ணியது. எல்லாருக்கும் எட்டுக் கால் வைத்துத் தைத்துக் கொடுத்தது. கடற்காகம் ஆறு கால் துணியை மணலில் இழுத்துக்கொண்டு நடந்தது. பூனைக்கு நான்கு மிச்சம். மீனுக்கு எதை எங்கே மாட்டுவதென்றே தெரியவில்லை. ஆனாலும் பெருநாள் அல்லவா, எல்லாமே ‘பிரமாதம், பிரமாதம்’ என்று நண்டைப் பாராட்டிவிட்டு, ஒன்றன் துணியை ஒன்று மிதித்து விழுந்துகொண்டே வீட்டுக்குப் போயின. குழந்தைகள் அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நண்டு யாரென்று அன்று எனக்குத் தெரியாது.

“சரி, வேற என்ன செய்யச் சொல்ற?” என்றேன்.

“உங்க கையில இப்ப என்ன இருக்கு?”

பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் விரல்கள் ஜெபமாலை போன்ற மணிச் சரத்தை உருட்டிக்கொண்டிருந்தன.

“அல்-மீனாவுல இது இல்லாத ஆம்பளக் கையக் காட்டுங்க. மசூதிக்குப் போறவர்கிட்ட இருக்கு, சர்ச்சுக்குப் போறவர்கிட்ட இருக்கு. ரெண்டுக்கும் போகாம காப்பிக்கடையில உக்காந்திருக்கறவர்கிட்ட ரெண்டு இருக்கு. முப்பத்து மூணு மணி, ஒரு குஞ்சம். உப்பு மாவுல பிள்ளைங்க உருட்டுவாங்க, மொட்டமாடியில காயவெப்பாங்க. யாருக்குன்னு குழந்தைங்களே முடிவு பண்ணட்டும்.”

மறுநாளே வேலை தொடங்கியது. ரொட்டிக்கடையிலிருந்து தட்டுகள் வந்தன. மாவில் காப்பித்தூள் கலந்தால் ஒரு நிறம், மஞ்சள் கலந்தால் ஒரு நிறம், சுமாக் என்னும் புளிப்புப் பொடி கலந்தால் சிவப்பு. துடைப்பக் குச்சியால் துளை. கோப்பதற்கு, மீனவரான ஒரு தகப்பன் கொடுத்த நைலான் தூண்டில் கயிறு. யாருக்குச் செய்வதென்று கேட்ட பிள்ளைகளிடம் ஹியாம் ஒன்றைத்தான் சொன்னாள்: “நீங்க கீழ விழுந்தா யாரு தூக்குவாங்க? அவங்களுக்கு.”

பெரும்பாலானோர் பாபாவுக்கு என்றார்கள். இலியாஸ், தள்ளுவண்டியில் கஃக் ரொட்டி விற்கும் தன் தாய்மாமனுக்கு என்றான். ஒரு பெண் குழந்தை தன்னை மூன்று பேர் தூக்குவதாகக் கணக்குச் சொல்லி, பதினொரு மணிகளாக மூன்று சரம் கட்டினாள். இன்னொருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மிஸ், எங்க வீட்ல எல்லாத்துக்கும் அம்மாதான் தூக்குவாங்க. அம்மாவுக்குக் கொடுத்தா திட்டுவீங்களா?”

“தூக்கறவங்களுக்குத்தான் சரம். போ, நல்லா பெருசா உருட்டு.”

ஜுமானா மட்டும் யாருக்கென்று கேட்கவில்லை. ஐந்து வயது, ஒல்லியான கழுத்து, பேசும்போது இடையிடையே நின்று மூச்சை இழுத்துக்கொள்வாள். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாத அந்த ஒருவர் இவளுடைய தகப்பன்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படகில் ஐரோப்பாவுக்குக் கிளம்பியவர். பிறகு தகவலே இல்லை. ஜுமானா முப்பத்து மூன்று மணிகளை உருட்டிக் காயவைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து இன்னும் மாவு கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள்.

“இன்னும் எத்தனை வேணும் உனக்கு?” என்று ஹியாம் கேட்டிருக்கிறாள்.

“இன்னும் மேல வரல மிஸ்,” என்றாளாம்.

விஷயம் இதுதான். அவளுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆகவே தான் குடியிருக்கும் கட்டடத்தின் அடிப்படியிலிருந்து படிக்கு ஒரு மணியாக வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். மணி தீர்ந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. மறுநாள் அங்கிருந்து மேலே. நான்காவது மாடியில் அவள் வீட்டு வாசலை எட்டியபோது எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டுவந்தாள். ஹியாம் எண்ணிப் பார்த்தாள். அறுபத்தெட்டு.

“முப்பத்து மூணுதான் வழக்கம் கண்ணு. இவ்வளவு நீளத்த யாராலயும் உருட்ட முடியாது.”

“ஒண்ணு கொறைஞ்சா அவர் கீழ விழுந்துடுவார்,” என்றாள் ஜுமானா.

அந்த ‘அவர்’ யாரென்பது மறுநாள் எனக்குத் தெரியவந்தது. ஜுமானாவின் தாய் ருவைதா என் அறைக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மணப்பெண்களின் உடைக்கு வீட்டிலிருந்தே ஜரிகை தைத்துக் கொடுக்கிறவள். வைத்த காப்பியை அவள் தொடவில்லை.

“உஸ்தாத், என் பொண்ணு யாருக்கு அந்தச் சரம் செய்யறான்னு கேட்டீங்களா? அபூ ஃபௌஸிக்கு!”

நான் சிரித்துவிட்டேன். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாரும் ஒன்று சிரிப்பார்கள், அல்லது திட்டுவார்கள். அரசு மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம் வருவதே பெரிது. மிச்ச நேரத்துக்குத் தெரு முழுவதும் அபூ ஃபௌஸியின் ஜெனரேட்டரையே நம்பியிருக்கிறது. பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை இயந்திரம் ஆற வேண்டும் என்று அவன் அணைத்துவிடுவான். ஜூன் மாத வெயிலில் அந்த மூன்று மணி நேரமும் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் அவனுடைய இயந்திரத்துக்கும் அவனுக்கும் அவன் முன்னோருக்கும் சாபம் பொழியும். வயது நாற்பத்துநான்கு, கல்யாணம் ஆகவில்லை. இளமையில் நண்பர்கள், எதிர்காலத்தில் பிறக்கப்போகும் மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரைத்தானே வைக்கப்போகிறான் என்று, ‘ஃபௌஸியின் தகப்பன்’ என்று அழைத்தார்கள். ஃபௌஸி பிறக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

“சிரிக்காதீங்க உஸ்தாத்,” என்றாள் ருவைதா. “நான் விதவையுமில்ல, புருஷன் கூட இருக்கறவளுமில்ல. என் வீட்டுக்காரரோட அண்ணன் அத்னானை உங்களுக்குத் தெரியும். ‘பொண்ணு எங்க வீட்ல வளரட்டும், நீ தனியா எப்படிப் பாத்துப்ப’ன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கார். இதுவரைக்கும் என்மேல சொல்றதுக்கு அவர் கையில ஒரு வார்த்தை கிடையாது. ஊரையே கூட்டிவெச்ச இடத்துல, கல்யாணமாகாத ஒருத்தனுக்கு என் பொண்ணு பாபா தினத்துப் பரிசு கொடுத்தா? அப்புறம் அவர் வார்த்தை தேடிப் போகவேண்டியதில்ல. என் குழந்தைய என்கிட்டேருந்து எடுத்துக்குவாங்க.”

ஹியாமை வரவழைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

“இத நான் யோசிக்கல,” என்றாள் கடைசியில். “மன்னிச்சுக்குங்க அக்கா. யாருக்கு வேணாலும் கொடுன்னு குழந்தைகிட்ட சொன்னேனே ஒழிய, அப்படிக் கொடுத்தா அம்மாவுக்கு என்ன ஆகும்னு நினைக்கல.”

“அத்னான் அண்ணனைக் கூப்பிடுங்க. சரம் அவருக்குன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுபோச்சு.”

“அவரைக் கூப்பிடறேன். நாற்காலி போடறேன். ஆனா மனசுல ஒருத்தர வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் பேரச் சொல்லுன்னு குழந்தைக்குச் சொல்லித்தர மாட்டேன். அத நீங்களே அவகிட்ட கேளுங்க.”

ஜுமானாவை அழைத்து வந்தார்கள். பெரியப்பாவுக்குச் சரம் செய்து தருவாயா என்று தாய் கேட்டாள். குழந்தை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “தரேனே. பெரியப்பாவுக்கும் ஒண்ணு பண்றேன்,” என்றாள்.

ருவைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். அந்த ‘உம்’மை எங்கள் மூன்று பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஜூன் இருபத்தொன்று, எங்கள் நாட்டில் தந்தையர் தினம். கோடையின் முதல் நாள். பள்ளியின் கடைசி நாள். கூடத்தில் குழந்தைகளின் நாற்காலிகளையே வட்டமாகப் போட்டிருந்தோம். பெரிய பெரிய ஆண்கள் முழங்கால் முகவாயில் இடிக்க அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு நாற்காலிகளில் கைபேசிகளைச் சாய்த்து வைத்திருந்தோம். குவைத்திலும் அபிஜானிலும் இருந்தவர்கள் அவற்றிலிருந்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார்கள் சுவரோரம் நின்றார்கள். ருவைதா ஜன்னல் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றாள்.

அத்னான் முன் வரிசையில் இருந்தார். துறைமுகச் சாலையில் கட்டடச் சாமான்கள் கடை வைத்திருப்பவர்; அவர் உடம்புக்கு அந்த நாற்காலி கண்ணுக்கே தெரியவில்லை. கையில் விலையுயர்ந்த அம்பர் மணிச் சரம்.

குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். இலியாஸின் தாய்மாமன் ரொட்டி வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சரத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே அழுதார். டாக்ஸிக்காரர் முன்ஸிர் தன் மகன் கொடுத்ததை முகர்ந்து பார்த்து, “காப்பித்தூளா? பரவாயில்ல, தூக்கம் வந்தா நக்கிக்கலாம்,” என்றார். கூடம் சிரித்தது.

ஜுமானாவின் முறை வந்தது. அவள் பெரியப்பாவிடம் போய் மஞ்சள் நிறச் சரம் ஒன்றைக் கொடுத்தாள். அத்னான் பெருமையாக எண்ணிப் பார்த்தார், முப்பத்து மூன்று. அம்பர் சரத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மாவுச் சரத்தை உருட்டத் தொடங்கினார். ஜன்னலோரம் ருவைதாவின் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன்.

அப்போது வாசலில் ஒரு தயக்கமான இருமல் கேட்டது.

அபூ ஃபௌஸி நின்றிருந்தான். தலையைத் தண்ணீர் வைத்துப் படிய வாரியிருந்தான். நகக்கண்ணில் கிரீஸ். வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையின் கழுத்தில் ஒரு நீல டை! அந்தக் கூடத்தில், ஏன், அந்த இருபது ஆண்டுகளில், எங்கள் பள்ளிக்கு டை கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான். கையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று: ஒரு பெட்டியும் ஒரு கதவும் வரைந்த படம். ஜுமானா தானே வரைந்து அனுப்பிய அழைப்பு.

“யா அபூ ஃபௌஸி!” என்று கூவினார் முன்ஸிர். “என்ன இந்தக் கோலம்? மெஷின் செத்துப்போச்சா? துக்கம் சொல்ல வந்தியா?”

“நாக்க அடக்கு முன்ஸிர். இல்லன்னா உன் வீட்டு ஒயர்தான் முதல்ல சாகும்.”

சிரிப்பு அடங்குமுன் ஜுமானா கூடத்தின் குறுக்கே நடந்துவிட்டாள். அவள் கையிலிருந்து காப்பி நிறச் சரம் ஒன்று தொங்கித் தரையில் இழுபட்டது. அதை அவனிடம் நீட்டினாள்.

பெற்றோர் சங்கத் தலைவி நஜ்லா பக்கத்திலிருந்தவளின் பக்கம் சாய்ந்து, “அட, அப்படியா சங்கதி,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கூடம் முழுவதற்கும் கேட்டது. திரையைப் பிடித்திருந்த ருவைதாவின் விரல்கள் வெளுத்துப்போயின.

அத்னான் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பிய்த்துத் தள்ளிவிட்டு, “ஜுமானா, இங்க வா,” என்றார். “அவன் உனக்கு யாரு?”

“அபூ ஃபௌஸி,” என்றாள் அவள். பெரியப்பாவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

“அது தெரியுது. அவனுக்கு ஏன் அவ்வளவு நீளம்? எனக்கு ஏன் இத்தனூண்டு?”

கோபத்துக்கு நடுவே கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அது எல்லாருக்கும் கேட்டது. நான் எழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்க நினைத்தேன். ஹியாம் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். “உஸ்தாத், குழந்தைகிட்ட கேள்வி கேட்டிருக்காங்க. குழந்தையே பதில் சொல்லட்டும்,” என்றாள்.

ஜுமானா சரத்தைத் தரையில் நீளமாகக் கிடத்தினாள்.

“இது நம்ம வீட்டுப் படி பெரியப்பா. ஒரு படிக்கு ஒரு மணி. நான் வெச்சுப் பாத்தேன்.”

“அவன் எதுக்கு உங்க வீட்டுப் படி ஏறறான்?”

ருவைதா எந்தக் கேள்விக்கு அஞ்சி என் அறைக்கு வந்தாளோ அதே கேள்வி, அத்தனை பேர் முன்னிலையில், அதே மனிதர் வாயிலிருந்து வந்து விழுந்தது.

“எனக்கு மூச்சு வரலன்னா மெஷின் வெக்கணும்ல? மத்தியானம் கரண்ட் இருக்காதுல்ல? அம்மா பால்கனியில செவப்புத் துண்டு போடுவாங்க. இவர் பேட்டரிப் பெட்டி தூக்கிக்கிட்டு வருவார்.”

“வந்து?”

“வெச்சுட்டுப் போயிடுவார்.”

“எங்க வெப்பான்? உள்ள எந்த அறையில?”

ஜுமானா மண்டியிட்டு, சரத்தின் கடைசி மணிமேல் விரலை வைத்தாள்.

“இதுதான் கடைசிப் படி. இங்கதான் வெப்பார். கதவுக்கு வெளிய. உள்ள வந்திருந்தா இன்னொரு மணி கோத்திருப்பேன். அவர்தான் வந்ததே இல்லியே.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “கதவத் தட்டுவார். அம்மா, ‘எறங்கிட்டாரா கேளு’ம்பாங்க. நான் கதவுல காத வெச்சுக் கேப்பேன். செருப்புச் சத்தம் கீழ கீழ போகும். நின்னப்புறம்தான் அம்மா கதவத் திறப்பாங்க. பெட்டி மட்டும் இருக்கும்.”

அத்னான் குனிந்து அந்த மணிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பிடித்தது.

“அறுபத்தெட்டு,” என்றார். பிறகு அபூ ஃபௌஸியை நிமிர்ந்து பார்த்தார். “பெட்டி என்ன எடை?”

“பத்தொம்போது கிலோ.” அவனுக்கு டை கழுத்தை இறுக்கியது போலும், விரலை விட்டுத் தளர்த்தினான். “எறக்கும்போதும் அதே எடைதான் அத்னான் அண்ணே.”

“எத்தனை தடவை கொண்டுபோயிருப்ப?”

“குழந்தைக்கு மூச்சு முட்டுது. அத எண்ணிக்கிட்டா இருப்பாங்க?”

“அடப்பாவி!” என்று முன்ஸிர் துள்ளினார். “என் வீடு ரெண்டாவது மாடி! ஃபியூஸ் போச்சுன்னு கத்தினா, ‘எறங்கி வந்து நீயே மாத்திக்க, எனக்கு முட்டி வலி’ன்னு சொன்னியே, உன் முட்டி ஆளு பாத்துதான் வலிக்குமா?”

“உன்னப் பாத்தா வலிக்கும்.”

கூடம் கொல்லென்று சிரித்தது. குவைத்திலிருந்த தகப்பன்மார் என்ன ஆயிற்றென்று கைபேசிக்குள்ளிருந்து கத்தினார்கள். அத்னான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜுமானாவைப் பார்த்துக்கொண்டு, தமக்கே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினார்.

“லிஃப்ட் நின்னு ஒண்ணரை வருஷமாச்சு. அதுலேருந்து நான் கீழ கார்ல உக்காந்து ஹாரன் அடிப்பேன். இவ எறங்கி வருவா. படி எத்தனைன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

அதன்பின் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தள்ளிவிட்ட தம் நாற்காலியைத் தாமே எடுத்து நிமிர்த்தி வட்டத்தில் போட்டார்.

“உக்காருங்க,” என்றார் அபூ ஃபௌஸியிடம். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினார். கடையில் லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய குரல் அது. “இது எங்க வீட்டுக் குழந்தை. இவர் எங்க வீட்டுக் கதவுக்கு வெளியவே நின்னவர். எங்க தம்பி பொண்டாட்டி, செருப்புச் சத்தம் நிக்கறவரைக்கும் கதவத் திறக்காதவங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? நஜ்லா அம்மா, உங்களுக்குக் கேட்டுச்சா, இன்னொரு தடவ சொல்லணுமா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்றாள் நஜ்லா, காப்பித் தட்டை எடுக்க அவசரமாக நகர்ந்துகொண்டே.

ருவைதா திரையை விட்டாள். அதில் அவள் கைப்பிடி அளவுக்குச் சுருக்கம் விழுந்திருந்தது. அவள் ஹியாமின் அருகில் போய் நின்றாள்.

அபூ ஃபௌஸி குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, சரத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி உருட்டப் பார்த்தான். முடியவில்லை. மூன்று சுற்றுச் சுற்றினான். ஜுமானா அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டு, வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

“உங்க ஃபௌஸி எங்க? அவன் உங்களுக்குச் சரம் செய்யலியா?”

அவன் டையின் நுனியை நீவிவிட்டான். “அவனுக்கு வேலை ஜாஸ்தி. வர முடியல.”

“சரி, அவனுக்குப் பதிலா நான் செஞ்சுட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன்.”

எல்லாரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹியாமிடம் கேட்டேன். “அந்தக் குழந்தை அப்படிப் பதில் சொல்லும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது உஸ்தாத். படிக்கு ஒண்ணுன்னு மட்டும்தான் தெரியும். ஆனா அவ ஒரு மணி கூடவும் வெக்க மாட்டா, கொறைக்கவும் மாட்டா. அது போதும்னு நினைச்சேன்.” நான்காவது நாற்காலியைத் தூக்கி வைத்தாள். “அப்புறம் ஒண்ணு. அவர் கட்டிக்கிட்டு வந்த டைய பாத்தீங்களா? உங்க நண்டு கடைசியில ஒரு கழுத்துக்காவது சரியாத் தெச்சிருக்கு.”

அடுத்த வாரம் நடந்ததை எனக்கு முன்ஸிர் சொன்னார். அவர் டாக்ஸியை அந்தக் கட்டடத்து நிழலில்தான் நிறுத்துவார். பிற்பகல் மூன்று மணி. தெருவே கொதித்துக்கொண்டிருக்க, பால்கனியில் சிவப்புத் துண்டு விழுந்தது. அபூ ஃபௌஸி கொட்டகையிலிருந்து பெட்டியோடு வெளியே வந்தான். அந்த நேரம் பார்த்து அத்னானின் கார் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. அவர் இறங்கினார், மறுபக்கம் அவர் மனைவி ஒரு பை நிறைய ஆப்ரிகாட் பழத்துடன் இறங்கினாள். “கொடுங்க அத இங்க,” என்று பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு அத்னான் ஏறத் தொடங்கினார். அபூ ஃபௌஸி கீழே நின்று, அவர் விழுந்தால் பிடிப்பதற்குத் தோதாக, படிக்கட்டின் நடுவெளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்.

இரண்டாவது மாடிவரை வேகமாகத்தான் போயிருக்கிறார். பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார். நாற்பத்தோராவது படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அவருடைய மூச்சு கீழே டாக்ஸிவரை கேட்டதாக முன்ஸிர் சத்தியம் செய்கிறார்.

மேலே கதவு திறந்தது. ஜுமானா கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் தலையை நீட்டினாள். இப்போது அவளுக்கு அறுபத்தெட்டுவரை எண்ணத் தெரியும். அதற்குமேல் ஒன்றுகூடத் தெரியாது.

“பெரியப்பா, இன்னும் இருபத்தேழு!”

“தெரியும், தெரியும்,” என்று கீழிருந்து குரல் வந்தது. “அம்மாகிட்ட சொல்லு, கதவ நல்லா திறந்து வெக்கச் சொல்லு. உங்க பெரியம்மாவும் வர்றா. நாங்க உள்ள வந்து உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போவோம்.”

ஜுமானா கம்பிகளுக்கு இடையிலிருந்து தலையை இழுத்துக்கொண்டாள்.

“உள்ளயா? அப்ப உங்களுக்கு ஒரு மணி கூட!” என்று கூவிவிட்டு, மாவு பிசைய உள்ளே ஓடினாள்.